வ.உ.சி. நடத்திய கட்டணப் போர்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 வரும்போது வ.உ. சிதம்பரம் பிள்ளையை இரண்டு பெயர்களால் நினைவுகூர்கிறோம். ஒன்று கப்பலோட்டிய தமிழன். மற்றொன்று செக்கிழுத்த செம்மல். ஒன்று வீரத்துக்கு, மற்றொன்று தியாகத்துக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிறுவனம் நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதற்குப் பதிவுப் பத்திரம் இருந்தது, மூலதனம் இருந்தது, தலைவரும் இயக்குநர்களும் சட்ட ஆலோசகர்களும் இருந்தார்கள், வரவும் செலவும் நட்டமும் இருந்தன. இந்தியத் தொழில் வரலாற்றில் மிகக் கடுமையான விலைப்போட்டி ஒன்றைச் சந்தித்த நிறுவனம் அது. அதை நடத்தியவரை வணிகராகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு.

திருநெல்வேலி மாவட்டம் ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த சிதம்பரம் பிள்ளையின் தந்தை உலகநாத பிள்ளை ஒரு வழக்கறிஞர். மகனும் அதே தொழிலுக்கு வந்தார். சொந்த ஊரில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அந்த இடமாற்றம்தான் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று சொல்லலாம். ஒட்டப்பிடாரத்தில் இருந்திருந்தால் நிலத் தகராறுகளையும் குற்ற வழக்குகளையும் பார்த்துக்கொண்டு நல்ல வக்கீலாக வாழ்ந்து மறைந்திருப்பார். தூத்துக்குடியில் அவர் கடலைப் பார்த்தார்; கடலின் மேல் யார் பணம் பண்ணுகிறார்கள் என்பதையும் பார்த்தார்.

அன்றைய தூத்துக்குடிக்கு ஆழமான துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சு மூட்டையும் பயணிகளும் தோணிகளில் போய்த்தான் ஏற வேண்டும். ஆனாலும் சென்னை மாகாணத்தின் முக்கியமான துறைகளுள் அது ஒன்று. கரிசல் காட்டுப் பருத்தி அங்கிருந்துதான் வெளியேறியது. சென்னையிலிருந்து வரும் ரயில் அங்கேதான் முடிந்தது. கொழும்புக்குப் போகிறவர்கள் அங்கேதான் கப்பலேறினார்கள். இலங்கையில் கடை வைத்திருந்த வணிகர்கள், தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர்கள் என்று ஓயாத போக்குவரத்து. இந்த வழியில் செல்வாக்கு முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியிடம் இருந்தது. மக்கள் வழக்கில் அது பி.ஐ. கம்பெனி.

போட்டி யாருக்கும் யாருக்கும் இடையே நடந்தது என்பதை அறிய, அந்தப் பி.ஐ. கம்பெனியின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் சுமக்கத் தொடங்கிய நிறுவனம் அது. வில்லியம் மெக்கினான் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதன் மூலவர். அரசாங்கத்தின் அஞ்சல் ஒப்பந்தம் அதன் முதுகெலும்பாக இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை அதன் கப்பல்கள் ஓடின. இந்தியாவில் அதன் நிர்வாகம் மெக்கினான் மெக்கன்சி என்ற மேனேஜிங் ஏஜென்சியின் கையில் இருந்தது. அதன் பங்காளிகளில் ஒருவரான ஜேம்ஸ் மெக்கே 1897 முதல் 1911 வரை லண்டனில் இந்திய அமைச்சருக்கு ஆலோசனை கூறும் இந்தியக் கவுன்சிலில் உறுப்பினர். பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு என்று அறியப்பட்டவர் இவரே.

தூத்துக்குடியில் அதன் முகவர்கள் ஏ அண்டு எஃப் ஹார்வி நிறுவனத்தார். பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆகிய மூன்று இடங்களிலும் நூற்பாலைகள் வைத்திருந்தவர்கள். கப்பல் முகவர், பஞ்சு வாங்குபவர், ஆலை முதலாளி, ஊரின் மிகப் பெரிய வேலை அளிப்பவர் எல்லாம் ஒரே நிறுவனமாக இருந்தால் அதற்கு எதிரே நின்று வணிகம் செய்வது எப்படியிருக்கும்? இன்று தொழில் குழுமம் என்று நாம் சொல்வதன் எல்லாக் கூறுகளும் அங்கே இருந்தன. ஒரு கிளையில் ஏற்படும் நட்டத்தை இன்னொரு கிளையின் இலாபத்தால் ஈடுகட்டலாம். கொழும்பு வழியில் ஓராண்டு இலவசமாகக் கப்பல் விட்டாலும் ரங்கூன் வழி அதைச் சுமக்கும்.

இதற்கு எதிராகத்தான் 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. தமிழில் அதற்குச் சுதேசி நாவாய்ச் சங்கம் என்று பெயர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் யாரும் பங்கு வாங்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களுள் ஒருவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் தந்தார். திட்டத்தைக் கருவுற்று, ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்த வ.உ.சி. ஏற்றுக்கொண்ட பதவி உதவிச் செயலாளர் என்பது மட்டுமே.

பங்கின் விலையைக் கவனிக்க வேண்டும். 100 ரூபாய் என்று வைத்திருந்தால் ஜமீன்தார்களும் பெருவணிகர்களும் மட்டுமே வாங்கியிருப்பார்கள். 25 ரூபாய் என்பதும் அன்றைக்குச் சிறு தொகை இல்லை. என்றாலும் ஒரு வழக்கறிஞரோ ஆசிரியரோ சிறு கடைக்காரரோ மனது வைத்தால் ஒரு பங்கு வாங்கலாம். வாங்கியவர் பயணியும் ஆவார், சரக்கு அனுப்புபவரும் ஆவார், அடுத்தவரை அழைத்து வருபவரும் ஆவார். வாடிக்கையாளரையே உரிமையாளராக்கும் உத்தி இது. இதற்கு முன்பே நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை என்று சிறு முயற்சிகளை நடத்திப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. உணர்ச்சியின் வேகத்தில் கடலில் குதித்தவர் என்று அவரைக் கருதுவது தவறு.

முதல் பாடம் விரைவிலேயே கிடைத்தது. கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் குத்தகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி அந்நிறுவனத்துக்கு நெருக்கடி கொடுத்தது. கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. அவசரத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கப்பலைக் குத்தகைக்கு எடுத்துச் சேவை நிற்காமல் பார்த்துக்கொண்டார் வ.உ.சி. போட்டியாளரை நேரடியாகத் தாக்காமல் அவருக்குப் பொருள் தருபவரைத் தாக்குவது பெரிய நிறுவனங்களின் பழைய வழி. மூலப்பொருளோ கருவியோ பிறர் கையில் இருக்கும் வரை தொழில் நம் கையில் இல்லை என்பதை அவர் உணர்ந்துகொண்டார். சொந்தக் கப்பலுக்காகப் பம்பாய் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்று அவர் சூளுரைத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வடக்கே பங்கு விற்றுப் பணம் திரட்டி, விலை பேசி, 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை அவர் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்ததுதான். பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் அந்த வருகையைக் கொண்டாடினார்.

காலியாவில் முதல் இரண்டு வகுப்புகள் போக 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் போகலாம் என்பது கணக்கு. இனி வந்தது கட்டணப் போர். பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. உடனே பி.ஐ. கம்பெனி பயணமே இலவசம் என்றது. கூடவே ஆளுக்கு ஒரு குடை. குடை நம் நினைவில் தங்கிவிட்டது, எட்டணாவை மறந்துவிட்டோம். காலியா நிரம்பி வழிந்து ஒரு முறை கொழும்பு போனாலும் சாதாரண வகுப்பில் கிடைப்பது 650 ரூபாய். நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கட்டணம், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் அதிலிருந்தும் சரக்கிலிருந்தும் வர வேண்டும். இரண்டே கப்பல், ஒரே வழி. ஈடுகட்ட வேறு ரங்கூன் இல்லை.

இலவசப் பயணம் அறிவித்தபோது பி.ஐ. கம்பெனி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. சரியாக இதே கேள்வியை பிரிட்டனின் உச்ச நீதி அமைப்பான பிரபுக்கள் சபை 1891-இலேயே தீர்த்து வைத்திருந்தது. சீனத் தேயிலை ஏற்றும் தொழிலில் கூட்டுச் சேர்ந்திருந்த கப்பல் நிறுவனங்கள், புதிதாக நுழைந்த மொகல் ஸ்டீம்ஷிப் கம்பெனியை விரட்டுவதற்காகச் சரக்குக் கட்டணத்தை நட்டம் வரும் அளவுக்கு வெட்டின. மொகல் கம்பெனி வழக்குத் தொடுத்தது. போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு விலையைக் குறைத்தாலும் அது முறையான வணிகப் போட்டியே என்று தீர்ப்பாயிற்று. சுதேசிக் கம்பெனி பதிவான அதே 1906-இல் கப்பல் நிறுவனங்களின் கூட்டணிகளை விசாரிக்க லண்டனில் ஓர் அரச ஆணையமும் அமைந்தது. 1909-இல் அது அறிக்கை தந்தபோது வ.உ.சி. சிறையில் இருந்தார். ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் அடக்கவிலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதைக் குற்றமாக்கும் பிரிவு 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில்தான் நமக்குத் தெளிவாகக் கிடைத்தது.

வ.உ.சி.க்கு முன்பே இந்தச் சுவரில் மோதியவர் ஜம்ஷெட்ஜி டாடா. பம்பாயிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் செல்லும் பஞ்சு, நூல் சரக்குக்கு பி அண்டு ஓ கம்பெனி வாங்கிய கட்டணம் அதிகம் என்று கண்டு, 1893-இல் ஜப்பானின் நிப்பான் யூசன் கைஷாவோடு கைகோத்துத் தனிக் கப்பல் வழி தொடங்கினார். எதிர்த்தரப்பு கட்டணத்தை அதலபாதாளத்துக்கு இறக்கியது. கூட வந்த பம்பாய் வணிகர்கள் நழுவினார்கள். டாடா வழி மூடப்பட்டது. ஆனால் ஜப்பானியப் பங்காளி மூழ்கவில்லை. அந்த நாட்டு நூற்பாலைகள் தங்கள் சரக்கை அதற்கே தருவதாக உறுதி கொடுத்திருந்தன.

அந்த ஜப்பானியக் கதை இன்னும் பின்னால் தொடங்குகிறது. நிப்பான் யூசனுக்கு மூலமான மிட்சுபிஷியை நிறுவிய இவாசாகி யடாரோ, 1876-இல் இதே பி அண்டு ஓ கம்பெனியுடன் ஷாங்காய் வழியில் கட்டணப் போர் நடத்தினார். கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார். ஊழியர் சம்பளத்தை வெட்டினார். சில மாதங்களில் பி அண்டு ஓ விலகிக்கொண்டது. அவருக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? முந்தைய ஆண்டே ஜப்பானிய அரசு அவருக்கு 13 கப்பல்களைக் கொடுத்து, ஆண்டுக்கு 2.5 லட்சம் யென் மானியமும் ஒதுக்கியிருந்தது. அயல்நாட்டுக் கப்பலில் ஏறும் ஜப்பானியர் அனுமதி பெற வேண்டும் என்று விதியும் செய்தது. இவாசாகியைவிட வ.உ.சி. திறமை குறைந்தவர் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஒருவருக்கு அரசு கப்பல் கொடுத்தது. மற்றவருடைய கப்பலில் ஏறும் பயணிகளைத் துறைமுக, சுங்க, மருத்துவ அதிகாரிகளைக் கொண்டு அலைக்கழித்தது.

அப்படியானால் சுதேசிக் கம்பெனியின் தோல்வி தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. குடையும் இலவசப் பயணமும் அதை உடனே மூழ்கடித்துவிடவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோதும் கம்பெனி உயிரோடுதான் இருந்தது. இலவசம் என்று அழைத்தாலும் ஏற மறுத்து எட்டணா கொடுத்துப் போக ஒரு கூட்டம் இருந்தால்தான் இது சாத்தியம். அந்தக் கூட்டத்தை உருவாக்கியது கடற்கரைக் கூட்டங்களில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய உரைகள். பி.ஐ. கம்பெனியிடம் பணம் இருந்தது போல் இவரிடம் மேடை இருந்தது. வணிகக் கணக்கில் எழுத முடியாத மூலதனம் அது.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. பங்கு வாங்கிய பெருவணிகர்களுக்கு வேண்டியது இந்தியர் நடத்தும் கப்பல் கம்பெனி. அரசோடு மோதல் வேண்டியதில்லை. சுங்கத்துக்கும் உரிமத்துக்கும் கடனுக்கும் தினமும் வெள்ளை அதிகாரிகளின் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் அவர்கள். வ.உ.சி.யின் அரசியல் அவர்களுக்கு அச்சமூட்டியது. ஆனால் அந்த அரசியலை நீக்கிவிட்டால் எட்டணா கொடுக்கப் பயணி எங்கிருந்து வருவார்? அரசியல் இல்லாமல் கம்பெனி பிழைக்காது. அரசியலோடு இயக்குநர்கள் நிலைக்கமாட்டார்கள். இந்த முடிச்சை அவரால் அவிழ்க்க முடியவில்லை. யாரால் முடிந்திருக்கும் என்பதும் தெரியவில்லை.

அவர் பின்வாங்குவதற்கு மாறாக இன்னும் ஓர் அடி முன்னே வைத்தார். 1908 பிப்ரவரி இறுதியில் ஹார்விகளின் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சிவாவும் தலைமை தாங்கினார்கள். வேலைநிறுத்தக்காரர்களின் உணவுக்கு ஊரில் பணம் திரட்டப்பட்டது. சிலருக்கு வேறு வேலையும் தேடித் தரப்பட்டது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் தொடக்ககால வெற்றிகளில் ஒன்று இது. தொழிலாளரின் பசி அவரைத் தொட்டது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், கடலில் தம்மை நெருக்கும் குழுமத்தை நிலத்தில் அதன் ஆலை வாசலில் வைத்து நெருக்கிய செயலாகவும் அது அமைந்தது. குழுமத்தின் வலிமை பல கிளைகள். பல கிளைகள் இருப்பதால் அடிபடும் இடங்களும் பல. அதை வ.உ.சி. அளவுக்கு அன்று புரிந்துகொண்டவர்கள் குறைவு.

ஆட்சியாளர்களும் புரிந்துகொண்டார்கள். மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். தம் பேச்சுக்காக ஒன்று, சிவாவுக்கு உதவியதற்காக ஒன்று. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. கோவை, கண்ணனூர் சிறைகளில் கழிந்த காலத்தையும் செக்கையும் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அதை மறக்கவில்லை.

வெளியே கம்பெனி மெல்ல மெல்லக் கலைந்தது. மேடை ஓய்ந்ததும் பயணிகள் குறைந்தார்கள். 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. போட்டியிட எந்தக் கப்பலை வாங்கினார்களோ அதுவே விற்கப்பட்டு எதிரியின் கைக்குப் போனது என்பதைக் கேட்டு வ.உ.சி. நொந்துபோனார். அந்த ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றதற்கான காரணங்களில் இந்தக் கம்பெனியின் முடிவும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பி.ஐ. கம்பெனியோ 1914-இல் பி அண்டு ஓவுடன் இணைந்து உலகின் மிகப் பெரிய கப்பல் குழுமங்களில் ஒன்றாயிற்று.

அதே 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலோடு இணைந்த கப்பல் வந்தது. கொழும்புப் பயணிகளின் பெரும்பகுதி தூத்துக்குடியை விட்டு அங்கே திரும்பியது. கம்பெனி அதுவரை தாக்குப்பிடித்திருந்தாலும் ஒரே வழியை நம்பிய நிறுவனத்துக்கு அது பேரிடியாகத்தான் இருந்திருக்கும். சரக்குக்கும் ரங்கூனுக்கும் விரிந்திருந்தால் பிழைத்திருக்கலாம். பின்னால் 1919-இல் பம்பாய் முதலாளிகள் தொடங்கிய சிந்தியா கம்பெனி பெரும் மூலதனத்தோடு இறங்கியும், 1923-இல் பி.ஐ. தரப்போடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டுதான் நிலைத்தது. கடலோரச் சரக்கோடு நின்றுகொள்ள வேண்டும், 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். தமக்கு அப்படியோர் ஒப்பந்தம் நீட்டப்பட்டிருந்தால் வ.உ.சி. கையெழுத்திட்டிருப்பாரா என்று சில வேளை யோசிப்பதுண்டு. பயணிகளை விட்டுக்கொடுத்து மிஞ்சும் கம்பெனியில் அவருக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரிடம் கம்பெனியும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்தார்; மண்ணெண்ணெய் விற்றார். எதிலும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டித் தந்த சிறு தொகை ஒன்று காந்தியிடம் இருப்பதாக அறிந்து, 1915-இல் அவருக்குக் கடிதங்கள் எழுதினார். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் காந்திக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 347 ரூபாய் வந்து சேர்ந்தது. பத்து லட்சம் ரூபாய் மூலதனத்துக்கு நாடெங்கும் பங்கு விற்றவர் அந்தத் தொகைக்குக் காத்திருந்தார்.

1920-களில் நீதிபதி வாலஸின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் வழக்காடினார், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். கடைசியில் தூத்துக்குடிக்கே திரும்பி, 1936 நவம்பர் 18 அன்று அங்கு மறைந்தார். அவர் விட்டுச்சென்ற உயிலில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜவுளிக்கடை, எண்ணெய்க்கடை என்று ஊரில் தாம் வைத்த பாக்கிகளைக் குறித்து, அவற்றைத் தீர்க்க ஏற்பாடு கேட்டிருந்தார்.